இரண்டாம் பாதியில் பட்டாணி பாடுவாள்

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? அவர் இன்னும் பழுதான லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா? பார்த்து வேலை செய்யச் சொல்.

ஒரு செய்தி. என் நாவலை மேடையில் பாட்டு நாடகமாகப் போடப் போகிறார்கள். புத்தகமாக வந்து, படமாக வந்து, இப்போது இது. இயக்குநரும் இசையமைப்பாளரும் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார்கள். இயக்குநர் ஒரு ஒல்லியான பெண், ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாள். இசையமைப்பாளரோ உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்கிறார். அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் அவள் சொன்னாள்: "இரண்டாம் பாதியில குழந்தை திரும்பி வந்து ஒரு பாட்டு பாடுறா மேடம்."

"எந்தக் குழந்தை?"

"பட்டாணிதான்."

"அவதான் முதல் பாதியிலேயே செத்துப்போறாளே."

"ஆமா. அதுக்கப்புறம்தான் பாடுறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகளை நாம் வீட்டில் கூப்பிட்ட பெயரையே புத்தகத்தில் வைத்தேன். பாதிப் புத்தகத்தில் அவளை வழியனுப்பிவிட்டு, மீதிப் புத்தகம் முழுக்க அந்த அம்மாவை வெறும் வீட்டில் பாத்திரம் கழுவ விட்டேன். ஏன் அப்படி எழுதினேன் என்று உனக்குத் தெரியும். அந்த வருஷம் என்னோடு இருந்தவள் நீதான். படக்காரர்கள் சாவைக் கடைசிக்குத் தள்ளி, இடி மின்னல் வைத்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். செத்தவளைப் பாட வைப்பதை எப்படிப் பொறுப்பது?

ஆனாலும் சம்மதித்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பட்டாணியாக நடிக்கும் பெண்ணை நான்தான் தேர்ந்தெடுப்பேன், என்னைக் கேட்காமல் அவளை மாற்றக் கூடாது. இயக்குநர் உடனே ஒப்புக்கொண்டாள்.

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா

ஜனவரி 30

அக்காவுக்கு,

சின்னவளின் அன்பு. உன் முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல். இங்கே இருவரும் நலம். போன வாரம் அவர் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். பழுது பார்க்கப் போனவரையே மற்றவர்கள் வந்து வெளியே இழுத்திருக்கிறார்கள். தெருவே சிரிக்கிறது.

என்னிடம் யோசனை கேட்காமல் சம்மதம் கொடுத்துவிட்டு, பிறகு கோபத்தை மட்டும் எனக்கு அனுப்புகிறாய். போனில் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் 'சரி, வச்சிடட்டுமா' என்பதைத் தவிர வேறென்ன பேசுகிறோம்? கடிதத்தில்தான் நீ நீயாக இருக்கிறாய்.

படத்தில் இடி இடித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன், உனக்கு நினைவிருக்கும். நம் பட்டாணி காய்ச்சலில் போன அன்று நல்ல வெயில். எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ நாவலில் அதைச் சரியாக எழுதியிருந்தாய். இந்த நாடகத்தில் என்ன செய்வார்களோ. எதற்கும் கொஞ்சம் தள்ளியே நில். இது உன் மகள் இல்லை, ஒரு நாடகம். சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும்.

கண்ணாடிக் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். நாள் பூராவும் எழுத்துப் பலகையைக் காட்டி 'இது தெரியுதா, இப்ப தெரியுதா' என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் இவரிடமும் அதையே கேட்கிறேன். நடுவில் ஆஸ்பத்திரி அலைச்சல் வேறு. அந்தப் பழைய விஷயமாகத்தான். ஒரு புது டாக்டரைப் பார்க்கிறோம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. இவர்தான் 'கடைசியா ஒரு தடவை' என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

சின்னவள்

மார்ச் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

பட்டாணிக்கு ஆள் தேடி வரிசையாகச் சிறுமிகள் வந்தார்கள். எல்லோரும் நன்றாகப் பாடினார்கள். எல்லோரும் அம்மா முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடினார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இசையமைப்பாளர் பொறுமை இழந்து தன் கன்னத்தையே தட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒருத்தி வந்தாள். வந்ததும் வராததுமாக, "உங்க பியானோவுல ஒரு கட்டை சத்தம் போடல, அது தெரியுமா உங்களுக்கு?" என்று அவரிடம் கேட்டாள். அந்த நிமிஷமே அவளுக்கு 'வாயாடி' என்று பெயர் விழுந்துவிட்டது. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. அவள் அம்மா பல் டாக்டரிடம்தான் வரவேற்பு வேலை பார்க்கிறாளாம், அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பாடச் சொன்னார்கள். செத்துப்போன பட்டாணி திரும்பி வந்து பாடும் அந்தப் பாட்டு. சொர்க்கம், நட்சத்திரம், தேவதை என்று ஏதாவது இருக்கும், எழுந்து போய்விடலாம் என்று கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாடியது இது:

கட்டிலுக்கடியில் ஒரு செருப்பு
கதவுக்குப் பின்னால் ஒரு செருப்பு
எதைப் போட்டுக்கொண்டு நான் வர, அம்மா
எதைப் போட்டுக்கொண்டு நான் வர

அவ்வளவுதான் பாட்டு. அடம்பிடிக்கிற குரலில், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது போலப் பாடினாள். எழுந்து போக முடியவில்லை, சின்னவளே. நான் எழுதிய புத்தகத்தில் பட்டாணி போன பிறகு ஒரு சத்தமும் கிடையாது. படத்தில் அவள் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள், ஆனால் அது வெறும் படம். இங்கே, நான் தொடக்கூடிய தூரத்தில், அவள் வயதில் ஒரு குரல் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டு எதையோ கேட்கிறது.

"இவதான்" என்றேன். இயக்குநர் என்னைக் கட்டிக்கொண்டாள்.

முதல் காட்சிக்கு நீ கட்டாயம் வர வேண்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் முன்வரிசையில் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அன்பு. நாங்கள் நலம். இடம் வைக்கச் சொன்னதற்குச் சந்தோஷம், ஆனால் இந்த மாதம் வர முடியாது. லீவு கிடைக்காது என்று சொன்னால் நம்பமாட்டாய். ஆஸ்பத்திரியில் சொன்ன நாளுக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நம் வசதிக்கு அவர்கள் நாளை மாற்றமாட்டார்கள்.

நீ எழுதியனுப்பிய பாட்டை இவருக்குப் படித்துக் காட்டினேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "இதை ஏன் இவ்வளவு சின்னதா எழுதினாங்க" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பெருசா எழுதியிருந்தா தாங்காது" என்றார்.

அந்தச் சிறுமி கெட்டிக்காரி போலிருக்கிறது. அவளிடம் அன்பாக இரு. ரொம்பவும் இருக்காதே. புரிகிறதா?

கூட்டத்தில் உட்கார்ந்து அழுவாய், கைக்குட்டை இரண்டு எடுத்துப் போ. நீ ஒன்றை எப்போதும் தொலைத்துவிடுவாய்.

சின்னவள்

மே 18

சின்னவளுக்கு,

அக்காவின் ஆசிகள். சுகமா? எனக்கு இப்போதெல்லாம் நன்றாகத் தூக்கம் வருகிறது. உனக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

நாடகம் பிடித்துக்கொண்டது. அரங்கு நிறைந்து, பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டெல்லாம் பார்க்கிறார்கள். நான் ஒரு காட்சியும் விடுவதில்லை. எனக்கென்று ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கதவு திறக்கிற பெரியவர், "டீச்சர், நேத்து பார்த்ததேதான் இன்னைக்கும்" என்று தினமும் சொல்கிறார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லி அலுத்துவிட்டேன்.

முதல் பாதியில் அவள் சாகும்போது நான் அழுவதில்லை. அந்த அம்மாவாக நடிக்கும் நடிகை அவளைக் கட்டிலிலிருந்து இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு மேடையைக் கடந்து போவாள். கூட்டம் விசும்பும். இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்று எனக்குத்தான் தெரியுமே.

காட்சி இல்லாத நாட்களில் வாயாடி என் வீட்டுக்கு வருகிறாள். அவள் அம்மாவுக்கு வேலை இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, எனக்கும் பொழுது போகிறது. ஜன்னலோர மேஜையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். சாப்பாட்டில் ஒரு காயையும் தொடமாட்டாள். தலை பின்னிவிடுகிறேன். போன வாரம் பட்டாணியின் அலமாரியைத் திறந்தேன். ஆமாம், திறந்தேன். நீலச் சட்டை அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஒரு தடவை வந்து பார்த்தால் கோபம் போய்விடும்.

அக்கா

ஜூன் 10

அக்காவுக்கு,

உன் அன்பில் நலம். உன் தூக்கம் திரும்பியது இவருக்கும் எனக்கும் ரொம்ப நிம்மதி. அலமாரி விஷயத்தில் ஒன்றும் சொல்லமாட்டேன். நேரில் வரும்போது சண்டை போட எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு வேடிக்கையான கஷ்டம். காபி வாடையே ஆகவில்லை. உயிரை விட்டுக் குடித்தவள், இப்போது பக்கத்து வீட்டில் போட்டால்கூட ஜன்னலைச் சாத்துகிறேன். இவர் சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். உப்பு என்றால் என்னவென்றே தெரியாத சமையல். சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. கடிதத்தில் வேண்டாம், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டர் இப்போதைக்குப் பயணம் கூடாது என்கிறார், அதனால் நான் வர முடியாது. நீ வருகிறாயா? ஒரு வாரம் போதும். இரண்டு நாள்கூடப் போதும்.

வருவாய் என்று நினைத்து மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

உன் சின்னவள்

ஜூலை 5

அன்புள்ள சின்னவளுக்கு,

எப்படி இருக்கிறாய்? முதுகுவலி மறுபடி வந்துவிட்டதா? பயணம் கூடாது என்றால் அதுவாகத்தான் இருக்கும். கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்காதே, ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள். காபியை விட்டது நல்லதுதான்.

இப்போது கிளம்ப முடியாது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரு பிரச்சினை முளைத்திருக்கிறது. நான் நகர்ந்தால் காரியத்தை முடித்துவிடுவார்கள்.

வாயாடி வளர்ந்துவிட்டாளாம். நாடக உடை தைக்கிறவள் அவள் பாவாடை மடிப்பை இரண்டு தடவை பிரித்துவிட்டாள், இனிப் பிரிக்கத் துணி இல்லை என்கிறாள். நடிகைக்கு இடுப்பில் பிடிப்பு. பிள்ளையைத் தூக்கும்போது வந்ததாம். இயக்குநர் என்னிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"இன்னொரு பொண்ணைத் தயார் பண்ணிடலாம் மேடம். இப்பவே ஆரம்பிச்சாதான் சரியா இருக்கும்."

"தேவையில்லை."

"அவ வளர்றா மேடம். அதை நாம என்ன பண்ண முடியும்?"

"நிபந்தனை உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவள் முதல் தடவையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் செய்தது சரிதானே? நடிகை தூக்க வேண்டாம், கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகட்டும். செத்த பிள்ளை எப்படி நடக்கும் என்கிறார்கள். பாடலாம், நடக்கக் கூடாதா?

நீ சொல்ல வந்ததை எழுதியனுப்பு. அடுத்த மாதம் எப்படியும் வரப் பார்க்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 12

அக்காவுக்கு,

உன் ஜூலைக் கடிதமும், பதில் ஏன் இல்லை என்று கேட்டு நீ போட்ட கார்டும் வந்தன. உடனே எழுத முடியவில்லை. கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது பரவாயில்லை. கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன்.

சொல்ல வந்தது ஒன்றும் இல்லை. அதை விடு.

இவர் உன்னை விசாரித்தார். மழை ஆரம்பித்துவிட்டது.

சின்னவள்

செப்டம்பர் 26

சின்னவளுக்கு,

உடம்பு தேறியது கேட்டு நிம்மதி. வெந்நீர் குடி, ஈரத்தில் நடக்காதே.

என் மனசு சரியில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நேற்று வாயாடிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஆன்ட்டி, நான் நாடகத்துலேருந்து நின்னுக்கட்டுமா?"

"ஏன்? யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. எனக்கே. செத்துச் செத்து அலுத்துப்போச்சு."

"பாட்டு பிடிச்சிருக்குன்னு சொன்னியே."

"பாட்டு பிடிக்கும். ஆனா அவ எப்பவும் ஒரே வயசுலயே இருக்கா. நான் இப்ப ஆறாவதுக்கு வந்துட்டேன்." பிறகு, என் கையிலிருந்து பின்னலை மெல்ல இழுத்துக்கொண்டு, "நான் பட்டாணி இல்ல ஆன்ட்டி. நீங்க நேத்து என்னை அப்படித்தான் கூப்பிட்டீங்க, சாப்பிடுறப்போ" என்றாள்.

நான் அப்படிக் கூப்பிட்டது எனக்குத் தெரியவே தெரியாது.

அவள் அம்மா மாலையில் வந்து அதையே மரியாதையாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் பின்தங்குகிறதாம். நான் சம்மதித்தால்தான் மாற்று ஆள் வர முடியும், ஆள் வராமல் இவள் பாதியில் நின்றால் நாடகமே நின்றுவிடும், அத்தனை பேர் பிழைப்பு. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. ஒரு தடவை அனுப்பியது போதாதா? இரண்டாவது தடவையும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமா?

இந்த வருஷம் முடியும் வரையாவது அவள் இருக்கட்டும் என்று கேட்கப் போகிறேன். நீ என் பக்கம்தானே? இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா

அக்டோபர் 15

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. நான் உன் பக்கம் இல்லை. அந்தச் சிறுமியை விட்டுவிடு.

சொல்ல வந்தது ஒன்றும் இல்லை என்று எழுதினேன். அது பொய். உண்மையைச் சொல்கிறேன், அக்கா. நான் ஆகஸ்ட் மாதம் வரை கர்ப்பமாக இருந்தேன். ஐந்தாம் மாதம். அசைய ஆரம்பித்திருந்தது. கடையில் ஒரு குட்டிப் பயலுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. 'இது தெரியுதா' என்று கேட்டுவிட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். முதலாளியம்மா ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. நர்ஸ் கேட்டாள், பார்க்கிறீர்களா என்று. இவர் பார்த்தார். என்னால் முடியவில்லை. அதை நினைத்து இன்றுவரை ஒவ்வொரு நாளும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

உன்னை ஏன் கூப்பிடவில்லை என்று நினைப்பாய். கூப்பிட்டிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய், எனக்குத் தெரியும். வந்து என் கட்டிலருகே உட்கார்ந்து என் தலையைத் தடவி, பட்டாணியை நினைத்து அழுதிருப்பாய். உன்னைத் தேற்றும் தெம்பு அப்போது எனக்கு இல்லை. பட்டாணி போன வருஷம் முழுக்க அதைத்தான் செய்தேன், மனசாரச் செய்தேன். இந்தத் தடவை முடியவில்லை.

உன் மகளுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது, படம் இருக்கிறது, ஊரே முணுமுணுக்கும் பாட்டு இருக்கிறது. என் மகளுக்கு ஒரு முகம்கூட இல்லை. என் நாத்தனார் வந்து, "நல்லவேளை, பொறந்து பழகுறதுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். நாங்கள் வாங்கி வைத்த குட்டிக் கட்டிலை இவர் தனியாகப் பிரித்துக் கட்டி மேலே போட்டார். ஒரு திருகாணி உருண்டு எங்கேயோ போய்விட்டது. அதைத் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இந்த மனுஷர் தரையில் படுத்து அழுதார். நான் பார்க்காதது போல் அடுத்த அறைக்குப் போனேன்.

எனக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. ஜூனில் எழுதினேன், வா என்று. உடம்பு சரியில்லை என்று எழுதினேன். வெந்நீர் குடிக்கச் சொன்னாய்.

கோபத்தில் எழுதவில்லை. கோபமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுமி வளர்கிறாள், அக்கா. வளரக் கிடைத்தவளை வளர விடு.

சின்னவள்

நவம்பர் 20

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் இருந்தது கருகிப் புகை வந்த பிறகுதான் நகர்ந்தேன். பலமுறை பதில் எழுத உட்கார்ந்தேன். 'மன்னித்துவிடு' என்று எழுதிப் பார்த்தேன். அதை நான் கேட்டால், தருகிற வேலையும் உன் தலையில்தான் விழும் என்று கிழித்துப் போட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே அரங்குக்குப் போய் இயக்குநரிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நடிகை தூரத்திலிருந்து இடுப்பைப் பிடித்தபடி எனக்குக் கும்பிடு போட்டாள். புதுப் பெண் பாட்டைக் கற்றுக்கொள்ளும் வரை வாயாடி நடித்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கடைசிக் காட்சி.

என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் செருப்புப் பாட்டைப் பாடும்போது ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டாள். ஏதோ கடித்திருக்க வேண்டும். பட்டாணி அப்படிச் செய்யமாட்டாள். அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடிய கால். வேறு யாரோ பெற்ற, நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒரு பிள்ளையின் கால். இத்தனை மாதமும் நான் அவளைப் பார்க்கவே இல்லை என்று தோன்றியது. அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உன்னையும் பார்க்கவில்லை. நான் எழுதிப் பிழைப்பவள், மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவள் என்று பெயர் வாங்கியவள். என் தங்கை காபி வாடை ஆகவில்லை என்று எழுதுகிறாள், எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

திரை விழுந்த பிறகு வாயாடி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நாளையிலேருந்து முழு நாள் ஸ்கூல் ஆன்ட்டி" என்றாள். "சரிம்மா, நல்லா படி" என்றேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மென்றுகொண்டே வாசலைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஏன் பார்க்க வேண்டும்?

அதற்குப் பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். கதவு திறக்கிற பெரியவர் வரிசையாக நாற்காலிகளை மடக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். நான் அழுதேன். பட்டாணிக்காக அழுது எனக்குப் பழக்கம், அந்த அழுகை எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கும் என்று தெரியும். இது அது இல்லை. நான் ஒருநாளும் பார்க்காத ஒரு குழந்தைக்காக அழுதேன். நான் அவளுக்குப் பெரியம்மா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு. பட்டாணி போனபோது எல்லோரும் என்ன காய்ச்சல், எந்த டாக்டர், எப்போது முடிந்தது என்றுதான் கேட்டார்கள். உன்னிடமும் அதையே கேட்டிருப்பார்கள், இல்லையென்றால் எதுவுமே கேட்டிருக்கமாட்டார்கள்.

அவளுக்குப் பெயர் வைத்திருந்தீர்களா?

நீ வரச் சொன்னால் வருகிறேன். வந்தால் பட்டாணியைப் பற்றிப் பேசமாட்டேன். நீ பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் பாத்திரம் கழுவிக்கொண்டு இருப்பேன். மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதையும் சொல்.

உன் அக்கா

நவம்பர் 29

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என் கையில் வைத்தார். "கேட்டுட்டாங்களே" என்றார். அப்புறம் குழாயடியில் போய் நின்றுகொண்டார்.

யாரும் கேட்கவில்லை, அக்கா. டாக்டர் கேட்கவில்லை, நாத்தனார் கேட்கவில்லை, கடையில் கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

வைத்திருந்தோம். இவர்தான் கண்டுபிடித்தார். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டு மேலே நின்று வேலை பார்க்கும்போது தோன்றியதாம், அழுக்குக் கையோடு கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கேட்டதுமே பிடித்துவிட்டது. ஆகஸ்டுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதை வாயால் சொன்னதில்லை. ஒருவருக்கொருவர்கூட.

உனக்கு எழுதியனுப்பலாம் என்று பேனாவை எடுத்தேன். முதல் எழுத்தைப் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். காகிதத்தில் எழுதினால் அது ஏதோ ஒரு கதையில் வருகிறவளின் பெயர் போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் நீயும் எங்கும் எழுதாதே. எந்தக் காலத்திலும் எழுதாதே. எனக்கு இந்தச் சத்தியம் வேண்டும்.

நீ வா. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னதும் நீ திருப்பிச் சொல்ல வேண்டும், கொஞ்சம் சத்தமாக. வேறொருத்தர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் இன்னும் கேட்டதில்லை.

சின்னவள்